குதிரையில்லாத குதிரைப்படை

ஒதியம்பட்டில் ‘குதிரைக்காரர் கிளப்’ என்று ஒன்று இருந்தது. ஒரு கேரம் பலகை, சீட்டுக்கட்டு, நாலைந்து பெஞ்சு, தண்ணீர்ப் பானை. பேருக்குக்கூட ஒரு குதிரை கிடையாது. அது கிளப்பாக ஆன அன்று நான் அங்கே இருந்தேன். இன்னும் சொன்னால், என் வாயால்தான் அது கிளப்பானது.

அதற்கு முன் அது நிஜமான குதிரைப்படை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லையில் சரக்கு கடத்துகிறவர்களைத் துரத்த எங்கள் பக்கம் குதிரைச் சிப்பாய்கள் இருந்தார்கள். அப்பா அவர்களில் ஒருவர். அம்மாவின் அண்ணனான என் மாமாதான் அவர்களுக்குத் தலைவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் படையைக் கலைத்துவிட்டு, குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினார். லாயம் மட்டும் மாமாவின் நிலத்தில் இருந்ததால் அப்படியே நின்றது.

சாயங்காலமானால் பழைய சிப்பாய்கள் எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள். சீட்டைத் தொடுவதற்கு முன்னால் வரிசையாக நிற்க, மாமா பேர் கூப்பிடுவார். முதலில் ஆளின் பேர், அடுத்து அவன் குதிரையின் பேர். இரண்டுக்கும் அவனே ‘பிரெசான்’ என்று சொல்ல வேண்டும். ஆஜர் என்று அர்த்தம். குதிரைகள் போன பிறகும் மாமா அந்தப் பேர்களை விடவில்லை. “ராணி?” என்பார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, “பிரெசான்!” என்பார். ராணி எங்கே என்று நான் அப்பாவிடம் கேட்டபோது, ஆற்றங்கரையில் மேய்கிறது என்றார். ஏழு வயதில் நம்புவதற்கு என்ன கஷ்டம்?

வெளியிலிருந்து கேட்டவர்கள் வேறு மாதிரி நம்பினார்கள். பிரெஞ்சுக்காரனைத் திரும்பக் கூட்டிவர இவர்கள் குதிரைகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

“உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் இன்னா வந்துச்சி? புடிச்சி உள்ள போட்டான்னா நாங்க இன்னா பண்றது?” என்று அம்மா அழுதாள்.

“சீட்டாடறதுக்கு எவன்டி புடிப்பான்?” என்றார் அப்பா.

ஒரு நாள் அப்பாவைக் கூட்டிவர அம்மா என்னை அனுப்பினாள். நான் போனபோது பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அதிகாரி இரண்டு போலீஸ்காரர்களோடு உள்ளே வந்தார். அவ்வளவையும் கேட்டுவிட்டார் போல.

“ராணின்னு கூப்பிட்டீங்களே, எங்கே அது?”

“இல்லீங்கய்யா. அப்பவே லாரில ஏத்திகினு பூட்டாங்க” என்றார் அப்பா.

“இல்லாததுக்கு எதுக்கு ஆஜர் சொன்னே?”

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். இவ்வளவு சுலபமான கேள்விக்குப் பெரியவர்கள் திணறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

“ராணி ஆத்தங்கரையில மேயுது” என்றேன்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு போலீஸ்காரர் அப்பாவின் தோளைப் பிடித்தார். அதிகாரி என்னைப் பார்த்து, “வழி காட்டு பாப்பா” என்றார்.

எல்லாரும் ஆற்றுக்குப் போனோம். நான்தான் முன்னால் ஓடினேன். மணலில் துணி வெளுப்பவரின் கழுதைகள் இரண்டு நின்றன. போலீஸ்காரர்கள் நாணல் புதர்களைத் தடியால் விலக்கிப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு முன்னே புகுந்து, “ராணி! ராணி!” என்று கத்தினேன். ஒன்றும் வரவில்லை. நான் மணலில் உட்கார்ந்து, “ராணி எங்கப்பா?” என்று ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு, தலைகுனிந்து நின்ற அப்பாவைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“விடுய்யா அவரை” என்றார் போலீஸ்காரரிடம்.

லாயத்துக்குத் திரும்பி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஓர் ஆட்டம் கேரம்கூட ஆடினார். கிளம்பும்போது, “இது படையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாலு பேர் பொழுதுபோக்குற கிளப்பு. அப்படியே ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்க. இந்த ஆஜர் எடுக்கிறது மட்டும் இனிமே வேண்டாம்” என்றார்.

“சரிங்கய்யா, சரிங்கய்யா” என்றார்கள் எல்லாரும். ஜீப் போனதும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து, வஞ்சனையில்லாமல் மீன் வறுத்தாள். அப்பாவை ஜெயிலில் போடவில்லை என்பதில் எனக்கும் ராணி கிடைக்காத துக்கம் பாதி மறந்துபோயிற்று.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டகையில் அப்பாவின் குரல் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். தேங்காய் நாரால் பசுவைக் கழுத்திலிருந்து வால்வரை நீவி நீவித் தேய்த்துக்கொண்டு, அதன் காதருகே பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பசு பாட்டுக்கு அசை போட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எம்மா, அப்பா மாட்டாண்ட பிரெஞ்சு பேசறாரு!” என்று அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கொட்டகைப் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“போயி பல்லு வெளக்குடி” என்றாள்.

மாட்டுக்குப் பிரெஞ்சு தெரியாதே, இதுகூடவா அப்பாவுக்குத் தெரியாது என்று யோசித்துக்கொண்டே நான் கிணற்றடிக்குப் போனேன்.