அரிசி டின்னுக்குள் காரின் பத்திரம்

1986-ஆம் வருடம், மே மாதம். டெக்சாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் இர்விங் என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டில் நானும் என் கணவரும் ஒரு வயது மகளும் குடியிருந்தோம். எங்களிடம் இரண்டு கார்கள். ஒன்று, அவர் ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் சின்ன ஜப்பான் கார். இன்னொன்று என் சக்களத்தி.

ஆமாம், அப்படித்தான் அதைக் கூப்பிடுவேன். அறுபதுகளின் கடைசியில் வந்த அமெரிக்க மஸில் கார். இரண்டே கதவு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் போல பானெட், உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். ஸ்டார்ட் செய்தால் மாடி வீட்டு ஜன்னல் அதிரும். யாரோ கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்க விட்டிருந்ததை வாங்கி, மூன்று வருடம், சனிக்கிழமை தவறாமல் அதற்கு அடியில் படுத்துக் கிடந்து உயிர் கொடுத்தவர் இவர். எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும், "பெட்ரோலைத் தண்ணியா குடிக்குமே, நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கிண்டல் செய்வார்கள். இவர் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுவார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தவர்கள் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவருக்கு வேறு ஆசையே கிடையாது. நல்ல சட்டைகூட நான் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, "நம்ம மஸில் காரை டொனேட் பண்ணிடலாம்னு இருக்கேன்மா" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

விஷயம் இதுதான். மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அப்போது நாங்கள் இருந்தது டல்லாஸிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். குழந்தையை டல்லாஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், எங்களைப் போன்ற வெளியூர்ப் பெற்றோர் இலவசமாகத் தங்குவதற்கென்றே சர்ச் பெண்மணிகள் சிலர் ஒரு வீட்டை நடத்தி வந்தார்கள். நாற்பத்தேழு நாட்கள் அங்கேதான் இருந்தோம். நாங்கள் சைவம் என்று தெரிந்ததும், அந்த வீட்டைக் கவனித்துக்கொண்ட அம்மா தானே கடைக்குப் போய் ஒரு புதுப் பாத்திரம் வாங்கி வந்து, இதில் யாரும் மாமிசம் சமைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார். யார் முன்னாலும் அழாத நான் அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்த வீட்டுக் கூரைதான் இப்போது ஆலங்கட்டி மழையில் பாழாகிவிட்டது. ஆறு அறைகளில் மூன்றைப் பூட்டிவிட்டார்கள். கூரை போடுவதற்காக ஏலம் நடத்துகிறோம், கொடுக்க ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கடிதம் வந்திருந்தது.

"அந்த ஜப்பான் வண்டியக் குடுங்களேன்" என்றேன்.

"அதை யாரும்மா ஏலத்துல எடுப்பா? அதுவும் இல்லேன்னா நான் ஆபீஸுக்கு நடந்தா போறது?"

நியாயம்தான். ஆனால் என் மனசு கேட்கவில்லை. மூன்று வருடமாக நான் வாய் ஓயாமல் திட்டிய கார்தான். இருந்தாலும், அது இல்லாத சனிக்கிழமைகளில் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் டைட்டிலை, அதாவது காரின் உரிமைப் பத்திரத்தை, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஏலத்தில் சேர்க்க மாட்டார்கள். நான் அதை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதுதானே லாக்கர்!

சனிக்கிழமை காலை, "டைட்டிலைப் பாத்தியா?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். பெட்டிகளைக் கொட்டினோம், கட்டிலை நகர்த்தினோம். செவ்வாய்க்கிழமை வரை தினமும் தேடினோம். நானும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கூடவே தேடினேன், வெட்கக்கேடு.

புதன்கிழமை மத்தியானம் அந்த அம்மா போன் செய்தார். காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மகள் நடக்கிறாளா, பல் முளைத்துவிட்டதா என்றுதான் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, எங்கோ தூரத்து எல் பாஸோவிலிருந்து பிறந்த குழந்தைக்காக வந்த ஒரு ஜோடி பத்து நாட்களாக ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரிலேயே தூங்குகிறார்கள், குளிக்க மட்டும் இங்கே வருகிறார்கள், கொடுக்க அறை இல்லையே என்று வருத்தப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு சிசேரியனாம்.

போனை வைத்ததும் என் கை தானாக வயிற்றில் என் சிசேரியன் தழும்பைத் தொட்டது. அந்த வலியோடு மெத்தையில் புரண்டு படுக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாவி, என்ன காரியம் செய்தேன் என்று ஓடிப்போய் அரிசிக்குள் கையை விட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் பத்திரத்தை நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அரிசி டின்லேருந்து எடுத்துட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சண்டே உனக்குத் தலைவலின்னு நான்தானே சாதம் வெச்சேன். அப்பவே கையில பட்டுது."

"அப்புறம் ஏங்க திங்கக்கெழமையும் செவ்வாய்க்கெழமையும் என்கூடத் தேடினீங்க?"

"அந்த வீட்ல நீயும்தானே இருந்தே? குடுத்தா ரெண்டு பேரும் சேர்ந்து குடுக்கணும். உனக்கு மனசு வரலேன்னா வெள்ளிக்கிழமை போன் பண்ணி ஸாரி சொல்லிடலாம்னு இருந்தேன்."

சனிக்கிழமை ஏலத்துக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு போனார். மகளை வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஜப்பான் காரில் போனேன். ஏலத்தில் எடுத்தவரிடம், குளிர்காலத்தில் ஆக்ஸிலரேட்டரை எத்தனை தடவை மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மகளை மடியில் வாங்கிக்கொண்டார்.

கூரை வந்தது, அறைகள் திறந்தன, தெரிந்தவர்கள் எல்லோரும், தான் ஆசைப்பட்ட காரையே கொடுத்தாரே என்று அவரைப் புகழ்ந்தார்கள். நானோ, என் பொய் தெரிந்தும் என்னைத் தலைகுனிய விடாமல் என்னோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடிய அந்த இரண்டு நாட்களுக்காகத்தான் இன்றுவரை அவரை மனசுக்குள் கும்பிடுகிறேன்.