பாண்டிக் கட்டத்தில் பிரெஞ்சு

மழை விட்ட தார்ச்சாலையில் செங்கல் துண்டை இழுக்கும்போது எழும் கரகர சத்தமும், விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் ஈரச் சிவப்பும்தான் எனக்கு பிரெஞ்சு மொழி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து மயிலாப்பூர் வந்தோம். வருஷத்தின் நடுவில் இடம் கொடுத்த ஒரே பள்ளியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு மட்டுமே கிடைத்தது. அரையாண்டு வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் எட்டிலிருந்து ஏழாம் வகுப்புக்கு இறங்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை எழுதியிருந்தபடியே நான் 'இல்ஸ் பார்லென்ட்' என்று படிக்க, வகுப்பே சிரிக்கும். கடைசி மூன்று எழுத்தும் வாயில் வரக்கூடாதாம். 'இல் பார்ல்', அவ்வளவுதானாம். "எழுதினதைப் படிக்கக் கூடாதுன்னா எதுக்கும்மா எழுதணும்?" என்று அப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தெருக்கோடியில் கால்வாயோரக் குடிசையில் இருந்த வள்ளிக்கு என் வயது. கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தாள். தினமும் சாயங்காலம், தெருவில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் 'பாண்டி' ஆட்டத்துக்கு என்னோடு சேர்ந்துகொள்வாள். ஒருநாள் நான் நொண்டியபடியே எதையோ முணுமுணுப்பதைக் கேட்டு, என்னவென்று விசாரித்தாள். அழாத குறையாகச் சொன்னேன். சொல்லை உடைத்து உடைத்துச் சொல்லச் சொன்னவள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஊமை எழுத்துகளுக்கான கடைசிக் கட்டத்தில் 'சில்லு' என்கிற ஓட்டுத் துண்டை வைத்தாள்.

"சில்லு கீற கட்டத்துல கால வெப்பியா? மாட்டல்ல? அங்க வாயயும் வெக்காத. தாண்டிப் போய்க்கினே இரு."

அன்றே புரிந்துவிட்டது. அடுத்த சிக்கலுக்கும் அவளே வழி சொன்னாள்: 'நமக்கு இருக்கிறது' என்பதற்கு 'நூ', 'ஆவோன்' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து 'நூ ஸாவோன்' என்று சொல்ல வேண்டும். முதல் சொல்லின் கடைசியில் ஊமையாகக் கிடக்கும் எழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் விழித்துக்கொண்டு அங்கே தாவிவிடும். அந்த இடத்தில் இரண்டு காலையும் ஊன்ற வேண்டும் என்பது வள்ளியின் சட்டம். சில வாரங்களில் தெருவிலிருந்த சின்னப் பெண்கள் எல்லாம் பிரெஞ்சு வினைச்சொற்களைக் கத்திக்கொண்டு குதித்தார்கள்.

தேர்வன்று பிரெஞ்சு டீச்சர் எதைக் கேட்டாலும் தடுமாறாமல் சொன்னேன். புதிய சொற்களைக் கொடுத்துப் பார்த்தார். அவையும் சரியாகவே வந்தன. பிறகு, என் கால் ஏன் துள்ளுகிறது என்று கேட்டார். வள்ளியைப் பற்றிச் சொன்னதும், சனிக்கிழமை அவளை அழைத்து வரச் சொன்னார்.

துவைத்த பாவாடையும் இறுகப் பின்னிய சடையுமாக வள்ளி வந்தாள். பள்ளி மைதானத்தில் அவள் கட்டம் போட, என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பு முழுவதும் அவள் பின்னால் வரிசையில் நின்றது. முடிவில் டீச்சரும் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். வள்ளி இடுப்பில் கைவைத்துக் கூர்ந்து பார்த்திருந்துவிட்டு, "ரைட்டு டீச்சர்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

இப்போது அந்தத் தெருவில் கட்டம் போட இடமில்லை. இரு பக்கமும் கார்கள். கால்வாயோர வீடுகளை அகற்றிவிட்டார்கள், அங்கே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. வள்ளி பெருங்குடிப் பக்கம் இருக்கிறாள். நான் பிரெஞ்சு ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இத்தனை சுத்தமான உச்சரிப்பை பாரிஸில் கற்றீர்களா என்று கேட்பவர்களிடம், மயிலாப்பூரில், வள்ளியிடம் என்று சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் ஒலிக்கும்.