“அதனாலதான்” என்ற ஒரு சொல்

பால் கொடுக்க அணைத்தால் என் மகள் முதுகை வளைத்துக்கொண்டு அலறுவாள். பாயில் விட்டால் அடங்குவாள். கூடத்தில் தறிச் சத்தம் கேட்டால் மீண்டும் அலறல். எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் இருந்தது. தறி ஓடாமல் அடுப்பு எரியாது.

சென்னையில் குழந்தை மருத்துவர் ஒருவர், கர்ப்பத்தில் ஏதாவது மருந்து எடுத்தேனா என்று கேட்டார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்ததையும், இன்னும் எடுப்பதையும் சொன்னேன். தலை நிமிராமலே, “அதனாலதான். செரடோனின் மாறியிருக்கும்” என்றார். செரடோனின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) என்ற சொல் பக்கத்தில் இருந்த என் கணவர் காதில் நிற்கவில்லை. “அதனாலதான்” நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சொன்னார்: “நீ முழுங்கின மாத்திரதான் கொயந்தைய இப்படி ஆக்கிச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே அதைத் தொடாத.”

தொடவில்லை. சில வாரங்களில் எழுந்து பல் துலக்குவதுகூட மலையாக இருந்தது. பிறகு, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றத் தொடங்கியது. என் அக்காதான் மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இதைப் படிக்கும் தாய்மார்களே, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த மருத்துவ அம்மையார் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். “கருவில மூளை வளர்றப்போ தொடுகைக்கும் சத்தத்துக்கும் பாதை அமையறதுல செரடோனினுக்குப் பங்கு இருக்குதும்மா. எலிங்க கிட்ட பார்த்திருக்காங்க. ஆனா உங்க பொண்ணுக்கு மாத்திரையாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்போ அந்த டாக்டரு சொன்னாரே?”

“சொல்லியிருக்கக் கூடாது.”

கணவரிடம் சொன்னேன். தறியில் உட்கார்ந்தபடியே, “ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்காங்க. நான் எதை நம்பறது?” என்றார். தனக்கு வசதியானதை நம்பினார்.

ஊருக்கு வெளியே ஏனாத்தூரில், சத்தமில்லாத ஓரத்தில், மகளோடு வாடகை வீட்டுக்குப் போனேன். மாத்திரையை மறுபடி தொடங்கினேன். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று கணவர் வருவார். வாசலில் நின்று, “எப்படிக்கீது?” என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

சில வருடங்கள் கழித்து, புலன் பயிற்சி (தொடுதல், ஒலி போன்றவற்றைத் தாங்கப் பழக்குவது) அளித்த பெண்தான் வழி காட்டினார். மெல்லத் தடவினால் என் மகளுக்கு எரியும். போர்வையில் இறுகச் சுற்றினால் நிம்மதி. நான் ஆசையாய் வருடிய ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலித்திருக்கிறது. இதைச் சொல்ல ஒருவருக்கும் அத்தனை வருடம் நேரமிருக்கவில்லை.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். குணமாகவில்லை; பழகியிருக்கிறாள். சில நாள், அவளாகவே வந்து என் முதுகில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். எப்போது வருவாள், எவ்வளவு நேரம் இருப்பாள் என்று தெரியாது. உலையில் சோறு குழைந்தாலும் நான் அசைவதில்லை. மூச்சைக்கூடச் சின்னதாகத்தான் விடுகிறேன்.