இடப்பக்கம் சத்தம் கம்மி

ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, வெள்ளிக்கிழமை சரியாக இரண்டே முக்காலுக்கு மஹீன் கை கழுவ ஆரம்பிப்பார். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணி. அடுத்து பாத்திரம் தேய்க்கும் பவுடர். அதன் பிறகு குளிக்கிற சோப்பு, இரண்டு முறை. இருபத்தாறு வருடமாக டீசலும் கிரீஸும் ஏறிய நகக்கண்கள்; கால் மணி நேரத்துக்குக் குறைந்து வெளுக்காது. வெளுத்த பின், ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டு, நடுவில் தன் இயர்போனை வைப்பார்.

இயர்போன் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எலெக்ட்ரிக் டிரெயின்ல கூவிக்கினு வருவான் பாரு, அது இயர்போனு. இது செட்டு."

செட்டு என்பது அவரைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பீஸ்கள். கண்ணாடி போன்ற உடம்பு. உற்றுப் பார்த்தால் பக்கத்துக்கு ஐந்து பொடி ஸ்பீக்கர்கள் உள்ளே அடுக்கியிருப்பது தெரியும். வலது பீஸில் சிவப்புப் புள்ளி, இடது பீஸில் நீலப் புள்ளி. இரண்டிலிருந்தும் வயரைத் தனியாகக் கழற்றிவிடலாம். விலையைக் கேட்டவர்களில் மனைவி தஹ்சீனுக்கு ஒரு தொகையும் காசிமேட்டுத் தோழர்களுக்கு ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார். இரண்டும் சரியான தொகை அல்ல.

முதல் வேலை வயரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்கிறவர்களை மஹீன் மனிதர்களில் சேர்ப்பதில்லை. கட்டைவிரல் நகத்தை இடுக்கில் கொடுத்து, ஆட்டாமல், திருகாமல் நேராக எடுப்பார். வயரின் முனையில் பக்கத்துக்கு இரண்டு ஊசிகள். அவற்றின் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு கடைக்காரர் வேறொரு வயரை எடுத்துக்கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் பாய்" என்றார். மஹீன் சட்டைப்பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துக் கடையிலேயே அளந்தார். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு குறைந்தது. "இந்த மூணு பாயிண்டுல ஒரு இன்ஜினையே சாவடிக்கலாம், தெர்தா?" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினார்.

அடுத்தது காதில் நுழையும் ரப்பர். இடது காதுக்கு நடு அளவு, வலது காதுக்குச் சின்னது. இரண்டு காதும் ஒரே அளவு என்று அவரிடம் யாரும் வாதாட முடியாது. ரப்பரை எடுத்ததும் தெரியும் பொடி வலையைக் குழந்தைகளின் பல் பிரஷ்ஷால் துலக்குவார். வலை கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்துத் துலக்கினால் அழுக்கு உள்ளே போய்விடும். இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

வீடு ராயபுரத்தில், கடலிலிருந்து நானூறு மீட்டர் தூரத்தில். உப்புக்காற்றில் முதல் வயர் ஏழு மாதம் பன்னிரண்டாம் நாள் பச்சை பூத்தது. இரண்டாவது, ஆறு மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. மூன்றாவது வயர் இரண்டு வருடம் மூன்று மாதம் செம்பு நிறம் மாறாமல் ஓடியதற்குக் காரணம் திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கும் அவர் சின்னம்மா மகன் முபாஷிர். கன்டெய்னருக்குள் ஈரம் இழுக்கத் தொங்கவிடும் பைகளைச் சரக்கு இறக்கியதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முபாஷிர் அவற்றைக் கொண்டுவந்து தருவார். உள்ளே நீல மணிகள். ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். வறுத்தால் மறுபடி நீலமாகும். செட்டு வைக்கும் டப்பாவில் அந்த மணிகள்தான் மெத்தை. மணி வறுப்பதற்கென்றே தஹ்சீன் ஒரு பழைய வாணலியைக் கரியால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். "ஊர்ல ஆம்பளைங்க கடலை வறுத்துக் கேட்டிருக்கேன். இந்த வூட்ல மணி வறுக்கறாங்க" என்பார்.

மஹீனுக்குத் தொழில் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பது. நோய் கண்டுபிடிக்க அவரிடம் உள்ள கருவி பதினாலு அங்குல ஸ்க்ரூ டிரைவர். வலது கை இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். இடது கையில் ஸ்க்ரூ டிரைவர்; அதன் நுனி இன்ஜின் மேல், பிடி இடது காதில். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக நகர்த்திக்கொண்டே வருவார். பிறகு தீர்ப்பு. "ரெண்டாவதுக்கு ஜலதோசம் புட்சிகீது." "அஞ்சாவது பல்லக் கடிக்குது." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காதை நம்பித்தான் துறைமுகத்தில் பலர் தங்கள் பாட்டுக் கருவிகளையும் அவரிடம் கொண்டுவருகிறார்கள். மீன் ஏலம் விடும் கார்குழலி சென்ற வருடம் மஹீனின் சிபாரிசில் வயர் கழலும் செட்டு ஒன்று வாங்கினார். மூன்றாம் மாதம் வந்து நின்றார்.

"பாய், ஒரு பக்கம் முணுமுணுங்குது. ஏமாத்திட்டான் உன் கடைக்காரன்."

"கத்தாத. இது இன்னா ஏலமா? வயரை மாத்து. வலது முனைய இடதுல சொருவு. நோவு வயரு கூட எடம் மாறிச்சுன்னா வயரு. மாறலியா, பீஸைக் காது மாத்திப் போடு. நோவு பீஸு கூட போச்சுன்னா பீஸு."

"ரெண்டு கூடவும் போலேன்னா?"

"அப்போ எங்கிட்ட இன்னாத்துக்கு வந்தே? காது டாக்டராண்ட போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்குழலிக்கு வயர்தான் கோளாறு. மஹீன் அங்கேயே சரிசெய்து கொடுத்தார்.

2025-இல் மீன்பிடித் தடைக்காலம் வழக்கம்போல ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்தது. படகுகள் கரையில் கிடக்கும் அந்த அறுபத்தொரு நாளில்தான் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவார்கள். மஹீன் அந்த வருடம் இருபத்து மூன்று இன்ஜின் பூட்டினார். பாட்டுக் கேட்க நேரம் வாய்த்தது ஜூன் 20, வெள்ளிக்கிழமை. அவர் எப்போதும் முதலில் போடுகிற பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். இரண்டு புருவங்களுக்கும் நடுவில் நின்று பாட வேண்டிய பாடகி, அன்று வலது புருவத்துக்கு மேல் போய் நின்றுகொண்டு பாடினார். இடப்பக்கம் சத்தம் கம்மி.

அன்றே ரப்பரை மாற்றினார். மறுநாள் வலையைத் துலக்கினார். 24-ஆம் தேதி கூரியரில் புது வயர் வந்தது. அளந்து பார்த்து மாட்டினார். பாடகி நகரவில்லை. 25-ஆம் தேதி வயரின் வலது முனையை இடது பீஸிலும் இடது முனையை வலது பீஸிலும் செருகினார். கோளாறு வயரோடு இடம் மாறவில்லை, அதே இடப்பக்கம். ஆக, வயர் இல்லை.

அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று கார்குழலிக்குக்கூடத் தெரியும். இடது பீஸை வலது காதிலும் வலது பீஸை இடது காதிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. மஹீன் பதினாலு நாள் அதைச் செய்யவில்லை.

பீஸ் கெட்டிருந்தால் கம்பெனிக்கு அனுப்பிச் சரிபண்ணலாம். காது கெட்டிருந்தால், அது ஸ்க்ரூ டிரைவர் வைக்கிற காது. தடைக்காலத்தில் பூட்டிய இருபத்து மூன்று இன்ஜின்களையும் அந்தக் காதுதான் கேட்டு அனுப்பியிருக்கிறது.

"ஸ்பீக்கரு பூட்ச்சி. கம்பெனிக்கு அனுப்பணும்" என்று எல்லாரிடமும் சொன்னார். டப்பாவை அட்டைப்பெட்டியில் வைத்து, முகவரி எழுதி, பிளாஸ்திரி ஒட்டினார். கூரியர் ஆபீஸ் மூன்று கட்டடம் தள்ளி. பெட்டி குளிர்பதனப் பெட்டியின் தலையிலேயே இருந்தது.

"அதை எப்போ அனுப்பப்போறீங்க?" என்று தஹ்சீன் கேட்டார்.

"இன்னா?"

"பொட்டியை எப்போ அனுப்பப்போறீங்கன்னேன்."

"அனுப்பறேன், அனுப்பறேன். பேஜாரு பண்ணாத."

ஜூலை 9, புதன்கிழமை காலை, பெட்டியை ஸ்கூட்டரின் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூரியர் ஆபீஸ் வாசலில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நேரே காசிமேடு. அங்கே ஸ்டானிஸ்லாஸ் காத்திருந்தார். படகின் சொந்தக்காரரும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே. மறுநாள் விடியற்காலை தன்னோடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பத்து நாள் தொழிலுக்குப் போகிறார். ஐஸ் ஏற்றியாகிவிட்டது. கிளம்புமுன் மஹீன் ஒருமுறை இன்ஜினைக் கேட்டுச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

ஆறு சிலிண்டர். மஹீன் ஒன்றிலிருந்து ஆறு வரை கேட்டார். ஆறிலிருந்து ஒன்று வரை கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாமே கொஞ்சம் அளவுக்கு மீறி நன்றாக, பஞ்சு சுற்றியதுபோல இருந்தது.

"நிறுத்து. இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணு."

மூன்றாவது தடவை அப்படிச் சொன்னபோது ஸ்டானிஸ்லாஸ் இடுப்பில் கை வைத்தார். "இன்னா பாய், இன்ஜினு உன்னாண்ட எதுனா ரகசியம் பேசுதா? எனக்கே கேக்குது, ஜோரா ஓடுது. ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லேன், நான் போய் டீசலு போடணும்."

மஹீன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் அட்டைப்பெட்டி. பல்லால் பிளாஸ்திரியைக் கிழித்து, செட்டை வெளியே எடுத்தார். கையெல்லாம் கிரீஸ். கண்ணாடி போன்ற உடம்பில் கறுப்புக் கறுப்பாக விரல் ரேகை பதிந்தது.

"யோவ், பாட்டு கேக்கற நேரமாய்யா இது?"

"ரெண்டு நிமிஷம் வாய மூடு நைனா."

நீலப் புள்ளியை வலது காதில் வைத்தார். சிவப்பை இடது காதில் வைத்தார். இடது காதுக்கென்று வளைத்த பீஸ் வலது காதில் உட்காராது. இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதே பாட்டு. நீலப் புள்ளிக்குள்ளிருந்து பாடகி பளிச்சென்று பாடினார். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சிவப்புப் புள்ளி, பக்கத்துத் தெருவில் பாடியது.

மஹீன் இரண்டையும் எடுத்தார்.

"பீஸு நல்லாகீது" என்றார்.

"அப்பாடா! செலவு மிச்சம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"ஸ்டார்ட் பண்ணு."

இந்த முறை மஹீன் இடம் மாறி நின்றார். இன்ஜினின் வேகத்தை இடது கையால் பிடித்தார். வலது கையில் ஸ்க்ரூ டிரைவர், பிடி வலது காதில். பழகாத கை, நுனி இரண்டு முறை வழுக்கியது. ஒன்று. இரண்டு. மூன்றில் நின்றார். ஓட்டத்தின் சத்தத்துக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விரலால் தட்டுவதுபோல, ஒரு டொக்கு. நான்குக்குப் போய்விட்டுத் திரும்ப மூன்றுக்கு வந்தார். டொக்கு.

"நிறுத்து. மூணாவது நாஸிலு சொட்டுது. கழட்டணும். நாளைக்கு நீ போவல."

"இன்னா பாய் வெளாட்றியா? ஐஸு ஏத்திகீறேன்! ஏழு பேரு வூட்ல சொல்லிட்டு வந்துகினு கீறானுங்க! இப்போதான ஒண்ணுமில்லாத மாரியே நின்னுகினு இருந்தே?"

"இல்லன்னு நான் எப்போ சொன்னேன்? கழட்டு. சொட்டலேன்னா ஐஸு காசு நான் தரேன்."

மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்த நாஸில் வெளியே வந்தது. கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார்கள். நல்ல நாஸில் டீசலைப் புகையாகத் தூவ வேண்டும். இது நுனியில் ஒரு சொட்டு கட்டி, தொங்கி, விழுந்தது. பிறகு இன்னொன்று. கடலில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்தச் சொட்டு பிஸ்டனை ஓட்டையாக்கியிருக்கும். ஸ்டானிஸ்லாஸ் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல ஏன் பாய் கேக்கல?" என்றார், இந்த முறை மெதுவாக.

மஹீன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை திரும்பவில்லை. கேள்வி இடப்பக்கத்திலிருந்து வந்திருந்தது.

அந்தி மக்ரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது தஹ்சீன் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். மஹீன் வழக்கம்போலச் சுவரோரம், தஹ்சீனுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது.

"பொட்டியை அனுப்பிட்டீங்களா?" தஹ்சீன் கேட்டது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"தேவயில்ல. செட்டு நல்லாதான் கீது."

தஹ்சீனின் கை நின்றது. ஒரு அவரைக்காயின் நாரைப் பாதி உரித்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு மீதி நாரையும் உரித்துவிட்டு, பெரம்பூரிலிருந்து தங்கை ஜீனத் போன் செய்த கதையைச் சொல்லத் தொடங்கினார்: மகளைப் பெண் கேட்டு யாரோ வந்துபோனார்களாம், மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலையாம். மஹீன் இரண்டு முறை "ம்" என்றார். மூன்றாவது "ம்" வரவில்லை. டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். முறத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், உரித்த நார்களை ஒதுக்கிவிட்டு, தஹ்சீனுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ சொல்லு. ஜீனத்து இன்னா சொல்லிச்சி?"

தஹ்சீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.