ஊர் கேட்காத வக்கீலம்மா

கறுப்புக் கோட்டைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்து வெளியே வைத்துவிட்டுத்தான் அந்த வக்கீலம்மா எங்கள் மையத்துக்குள் நுழைவார். என்னைவிடச் சிறியவர், ஒல்லி, எப்போதும் கலைந்த தலை. அவரைக் கண்டாலே எனக்கு எரியும்.

காரைக்குடியில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்பது என் வேலை. வீட்டுவேலைக்கு வந்த இலங்கைப் பெண் ஒருத்தி, விசா முடிந்தவள், வாரக்கணக்கில் என்னிடம் வாயே திறக்கவில்லை. புகார் கொடுத்தால் உன்னைத்தான் பிடித்து அனுப்புவார்கள் என்று, அவளை வன்புணர்ந்த முதலாளி மிரட்டியிருந்தான். வக்கீலம்மா வந்த அன்றே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புகார் கொடுக்கவும் சம்மதித்தாள்.

வாசலில் வைத்து, "அப்படி என்னதான் கேட்டீக?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா. நீங்க மொத நாளே எந்த ஊருன்னு கேட்டீகளாம்ல? நமக்கு அது பாசமா விசாரிக்கிறது. அவுகளுக்கு அது போலீஸ் கேக்குற கேள்வி."

வழக்கும் விசாவும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது அவள் என்னிடமும் சிரிக்கிறாள். ஆனால் அவளுடைய ஊர் எதுவென்று வக்கீலம்மாவுக்குத் தெரியும். கேட்காமலே சொன்னாளாம். எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது.