எண்ணெய் ஏறாத காய்

காயைக் கல்லில் வைத்து ஒரே போடு. ஓடு பிளந்ததும் உள்ளிருந்த பருப்பை எடுத்துப் பழைய காகிதத்தில் வைத்து, கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தாள் பொறு அக்கா. நனைந்த காகிதத்தை வெயிலில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும், எண்ணெய் என்றால் கறை நிற்கும். காகிதம் காய்ந்தது. நடுவில் மட்டும் மிளகளவு கறை. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று மரத்தை முறைத்தாள், அது வேண்டுமென்றே தாமதிப்பதுபோல.

கால்வாய்க் கரையில் தகரக் கூரை போட்ட எண்ணெய் மில் அவளுடையது. இரு கரையிலும் நிற்கும் புங்க மரங்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லோருக்கும் சொந்தம். யார் பறித்தாலும் ஆட்டுவதற்கு அவளிடம்தான் வர வேண்டும். வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒரே சொல்: "பொறு." அதுவே பெயராகிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம். பஸ் கொஞ்சம் தாமதித்தால் திட்டிக்கொண்டே நடந்து போய்விடுகிறவள் அவள். அடுப்பில் பால் வைத்தால் அது பொங்கும்வரை அவளால் நிற்க முடியாது. அதற்குக் காவல் தம்பி. நாற்பதைத் தாண்டியும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத அந்த மனுஷன்தான் மில்லில் மெஷினும் ஓட்டுகிறான்.

பச்சைக் காயோடு யாராவது வந்துவிட்டால் போதும், கழுத்து நரம்பு புடைக்கும். "காய் பெருசாயிட்டா எண்ணெ வந்துடுச்சுன்னு அர்த்தமா? முதல்ல ஓடுதான் வளரும். உள்ள இருக்கிறது சும்மா தண்ணி. அப்புறம் அது கூழாகும். அப்புறம் பருப்பு கெட்டியாகும். இலை சம்பாதிச்சு அனுப்புறதெல்லாம் உள்ள போய்க் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயா மாறும். எல்லாத்துக்கும் கடைசியிலதான் எண்ணெ ஏறும். காம்பை விட்டுப் பறிச்சிட்டா அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஏறாது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க முடியாதாடி?" கேட்கிறவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அதற்கும் திட்டு விழும்: "பறிச்சதைத் திருப்பி ஒட்டவா போறே?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. எதிர்க்கரைக்காரர்கள் முந்திக்கொள்வார்களோ என்று இந்தக் கரையும், இவர்கள் முந்திவிடுவார்களோ என்று அந்தக் கரையும் போட்டி போட்டுப் பச்சையாகவே உருவியதில், இரண்டு வருஷம் மெஷின் இருமி இருமி வெள்ளை நுரையைத்தான் கக்கியது. எண்ணெய் வாங்கும் சோப்புக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார், மூடிவிட்டுப் போனார். இந்த வருஷமும் இப்படித்தான் என்றால் மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால் பூ உதிரும்போதே பொறு அக்கா இரண்டு கரையிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஞ்சவா போனாள்? "காய் பழுப்பாகி நெத்தா தொங்குற வரைக்கும் எவ கை மரத்துல படுதோ, அந்தக் கையை மெஷினுக்குள்ள விட்டுடுவேன்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மாதக்கணக்கில் ஒரு மரத்திலும் துரட்டி படவில்லை. வாரம் தவறாமல் மரத்துக்கு மரம் போய் இரண்டிரண்டு காய் பறித்து, நசுக்கிப் பார்த்துவந்தது அவள் ஒருத்திதான்.

அன்று மெஷினுக்கு பெல்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் மில் வாசலில் மூட்டைகள் மதில்போல அடுக்கியிருந்தன. பக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்டத் தம்பி. முகமெல்லாம் பெருமை.

"எதிர்க்கரையில காலையிலேயே உருவ ஆரம்பிச்சிட்டாங்கக்கா. முடிச்சிட்டு இங்கதான் வருவாங்க. நீ வேற இல்ல. பந்திக்கு முந்தணும்ல? ஒத்தை ஆளா ஏறி நம்ம கரை மொத்தத்தையும் காப்பாத்திட்டேன்."

அவள் ஒரு மூட்டைக்குள் கையை விட்டாள். அத்தனையும் பச்சை. ஒரு காயைப் பிளந்து பருப்பைக் கிள்ளினாள். நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. காயை வீசி எறிந்தாள்.

"காப்பாத்திட்டியா? கூறுகெட்டவனே, குடியைக் கெடுத்துட்டு வந்து நிக்கிறியேடா. எவனோ கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா? இதுக்கு நீ மரத்துல தீயை வச்சிருக்கலாம்."

"உனக்காகத்தான்க்கா..."

"எனக்காக ஒரு மயிரும் செய்ய வேணாம். போடா அந்தப் பக்கம்."

வாங்கி வந்த பெல்ட்டைக்கூட இறக்கி வைக்காமல் பாலத்தைத் தாண்டினாள். எதிர்க்கரையில் துரட்டியும் கையுமாக நின்றவளின் குடுமியைப் பிடித்துக் கேட்காத குறையாகக் கேட்டாள்: "வாக்குக் குடுத்த வாய்தானே இது? வெக்கமா இல்ல?"

எதிர்க்கரைக்காரி அலட்டிக்கொள்ளவில்லை. "வாக்கை முதல்ல மீறினது யாரு? வாரா வாரம் மரத்துக்கு மரம் போய்ப் பறிச்சு மடியில கட்டிட்டுப் போனது நீதானே? இங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

"அது சோதிச்சுப் பாக்கடி. ரெண்டே ரெண்டு காய்."

"கால்வாயத் தாண்டி நின்னு பாக்கிறவளுக்கு ரெண்டா இருபதான்னு தெரியுமா? சோதிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? ஊரைப் பொறுக்கச் சொல்லிட்டு நீ சேத்து வைக்கிறேன்னுதான் இங்க எல்லாரும் நினைச்சோம். அக்காவே பறிக்கிறா, நாம மட்டும் என்ன இளிச்சவாயா?"

பொறு அக்கா திரும்பி நடந்தாள். வாழ்நாளில் ஒரு சண்டையை அவள் பாதியில் விட்டு வந்ததில்லை. காய் ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்தவள், பார்க்கிறவர்களின் மனசில் என்ன ஏறுகிறது என்று ஒரு நாளாவது பார்த்தாளா? வருகிற வழியெல்லாம் கோபம் குறையவில்லை. போக இடமில்லாமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. கரை நெடுக மரங்கள் இலையும் முறிந்த கொப்புமாக நின்றன.

தம்பி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டிலிருந்து தோள்வரை மரப்பட்டை உரசித் தோல் பிய்ந்து, ரத்தம் வரி வரியாகக் காய்ந்திருந்தது. திட்டும்போது அவள் கண்ணில் அது படவே இல்லை.

உள்ளே போய் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்து வந்தாள். கடைசியாக நன்றாக விளைந்த வருஷத்து எண்ணெய். சோப்புக்காரருக்கு மாதிரி காட்டவென்று, யாரையும் தொடவிடாமல் அடியில் கொஞ்சம் வைத்திருந்தாள். தம்பி பதறினான். "அது சாம்பிளுக்கு வச்சதுக்கா."

"வாயை மூடு, எருமை. கையை நீட்டு."

டின்னை முழுசாகக் கவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தி, திட்டிக்கொண்டே அவன் கையில் தேய்க்கத் தொடங்கினாள்.