கீழே விழாத அடியாள்

நான் அம்பத்தூரில் மைக் செட் வைத்திருக்கிறேன். ஆடித் திருவிழா, காதுகுத்து, ஜெபக்கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன்.

திருமுல்லைவாயிலில் ஒரு ஜெபக்கூட்டம். பேச வந்த ஐயா முன்னே சினிமா நடிகர். வில்லனுக்கு அடியாளாக வந்து ஹீரோ கையால் சாகிற வேஷம்தான் நிறைய. குடியை விட்டு ஊழியத்துக்கு வந்த கதையை நடித்தே காட்டுவார். குண்டு பட்ட மாதிரி துடித்துக் கீழே விழுவார். அப்புறம் எழுந்து, "இப்படித்தான் ஆண்டவர் என்னை எழுப்பினார்" என்பார்.

அன்று தூறல் போட்டு மேடை ஈரமாகிவிட்டது. ஐயா வழக்கம்போல செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மைக்கைப் பிடித்ததும் துடித்தார். ஜனம் "அல்லேலூயா" என்று கை தட்டியது.

"இன்னாமா நடிக்கிறாரு பாரு," என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. நானும் சிரித்தேன்.

ஆனால் அவர் விழவில்லை. மைக்கையும் விடவில்லை. கரண்ட் அடிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் விழுந்தார்.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார்.

"எத்தினி படத்துல செத்துக்கீறேன் நைனா. கைதட்டல் எல்லாம் ஹீரோவுக்குத்தான். இன்னிக்கு நெசமா சாவப் போனேன், எனக்குத் தட்டுனீங்களே!"

இப்போதெல்லாம் எர்த் கொடுத்து, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் மைக்கை யார் கையிலும் தருவதில்லை. பேசுகிறவர் காலுக்குக் கீழே பலகையும் போடுகிறேன்.

ஐயா இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார். அவர் துடிக்க ஆரம்பித்தால் என் கை மெயின் சுவிட்சுக்குப் போய்விடும். அவர் விழுந்த பிறகுதான் கையை எடுப்பேன்.